நீர்மட்டம்

மாதத்தின் முதல் செவ்வாய்
நீர்வேலியில் எனக்குப் பதினான்கு கிணறுகள்.
நாடாவை இறக்கி ஆழம் பார்ப்பேன்.
போத்தலில் கொஞ்சம் அள்ளி
மீற்றரின் கம்பியை நனைத்து
உவர் எவ்வளவு என்று கொப்பியில் எழுதுவேன்.
ஒன்பதாவது: க. ஜெகமுகுந்தன், வாழைத்தோட்டம்.

முதல் மூன்று மாதம் நாங்கள் கதைத்தது
குலை விலையும் நாயின் பெயரும்.
நாய்க்குப் பெயர் இல்லை.
நாய் என்றுதான் கூப்பிடுவீர்கள், அதுவும் வரும்.
நான்காம் மாதம் ஒரு கதிரை வெளியே வந்திருந்தது.
ஐந்தாம் மாதம் இரண்டு.

எனக்கு அவசரத்தைத் தெரியும்.
பதினொரு நாளில் பேசி முற்றாக்கிய கலியாணம் ஒன்று
ஸ்காபரோவிலிருந்து வந்தது.
பொருத்தம் எட்டு, வீடியோ கோல் நாலு.
அவனுக்குத் தேத்தண்ணிக்குச் சீனி எத்தனை கரண்டி என்று தெரியமுதல்
மண்டபத்துக்குக் காசு கட்டியாயிற்று.
ஏழு மாதம் குடித்தேன் அந்தத் தண்ணீரை.
பலாலியில் வந்து இறங்கியபோதும்
நாக்கில் உப்பு இருந்தது.

இந்த மண்ணின் சங்கதி இதுதான்.
கீழே கடல்.
சுண்ணாம்புக்கல்லின் பொத்தல்களுக்குள்
அதன் முதுகில் மிதக்கிறது போன மாரியின் மழை,
மெல்லிய ஒரு வில்லையாய்.
வாளியால் அள்ளுகிறவருக்குக் கோடையிலும் கிடைக்கும்.
மோட்டாரால் இழுத்தால்
கடல் எழும்பி வந்து
குடத்துக்குள் குந்தும்.

இரண்டாவது ஆடியில்
உங்கள் கிணற்றில் மீற்றர் இரண்டு மடங்கு காட்டியது.
"இரவிரவா மோட்டார் போட்டனீங்களோ?"
"வாழை காயுது. என்ன செய்யச் சொல்லுறீங்கள்?"
ஒரு அரச உத்தியோகத்தர் கத்தவேண்டியதைவிடக்
கூடவே கத்தினேன்.
நீங்களும் கத்தினீர்கள்.
நாய் வைக்கோலுக்குள் ஒளித்தது.
அடுத்த மாதம்
மோட்டார் அறைச் சுவரில் சோக்கால் எழுதியிருந்தது:
காலமை முக்கால் மணித்தியாலம், பின்னேரம் அரை.
இருபத்திரண்டு வாழை போயிருந்தது.
நீங்கள் சொல்லவில்லை.
நான்தான் எண்ணினேன்.

கந்தோரில் தர்மினி கேட்கிறாள்:
"இன்னும் நீங்கள் வாங்கள் எண்டுதானோ கதை?
கெதியா ஒண்டைச் சொல்லடி, முப்பத்தாறாகுது."
ஆறுதலா, என்றேன்.
மெதுவாக என்பதற்கு எங்கள் ஊரில் அந்தச் சொல்தான்.
வேறொரு சொல் இருந்திருந்தால்
இவ்வளவு காலம் பொறுத்திருப்பேனோ தெரியாது.

பண்ணைப் பாலத்தில் ஒரு ஞாயிறு
அந்தக் கலியாணத்தைப் பற்றிக் கேட்க வாயெடுத்தீர்கள்,
பிறகு கச்சான் சரையைப் பிரித்தீர்கள்.
"உங்களுக்குச் சொல்லவேணும்போல இருக்கேக்க
சொல்லுங்கோ."
சரை முடியமுதல் பாதிக் கதை சொன்னேன்.
மற்றப் பாதி கிடக்கிறது.
அதற்கடுத்த செவ்வாய்
பொலித்தீனுக்குள் வைத்த உங்கள் தங்கையின் படம்
என் கொப்பியின் மேல் இருந்தது.
பள்ளிச் சீருடை, இரட்டைப் பின்னல்.
எந்த ஆண்டு என்று நான் கேட்கவில்லை.
இங்கே அதை யாரும் கேட்பதில்லை.

இன்று கார்த்திகை.
தண்ணீர் நாலடி ஏறியிருக்கிறது.
குனிந்து எழுதிக்கொண்டிருக்க
முதுகுக்குப் பின்னால் உங்கள் குரல்:
"நனையிறீரெல்லே. உள்ளுக்கு வாரும்."

நனையிறீர். வாரும்.
பேனை நின்றது.
இருபது மாதம்.
நீங்கள் என்பதில் இரண்டு எழுத்துக் கரைந்து
நீர்.
கடைசியில் இன்னும் ஓர் எழுத்து இருக்கிறது,
இருக்கட்டும்.
எட்டிப் பார்த்தேன்: கிணற்றிலும்
அதுவேதான் நிறைந்திருந்தது.

"இன்னும் அஞ்சு கிணறு கிடக்கு,
பாத்திட்டு வாறன்."

ஆறுதலா வாரும், என்றீர்.